அன்றன்றைய அப்பமும் அசையாத நம்பிக்கையும்

நாளையைக் குறித்துக் கவலைப்பட வேண்டாம் என்று இயேசுநாதர் மலைப்பிரசங்கத்திலே போதித்தார். ஆகாயத்துப் பறவைகளையும் காட்டில் மலரும் பூக்களையும் சுட்டிக்காட்டி, அவற்றைப் பேணுகின்ற பரம பிதா மனிதரைக் கைவிட மாட்டார் என்பதை அவர் எளிய சொற்களால் உணர்த்தினார். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் உள்ள இப்போதனையைக் கேளாத கிறிஸ்தவர் இலர். ஆயினும், மாதக் கடைசியிலே கடைக்காரனுடைய கணக்குக் கொப்பியை ஒரு புறமும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவை மற்றொரு புறமும் வைத்துக்கொண்டு விழித்திருக்கும் ஒரு குடும்பத் தலைவனுக்கு இப்போதனை என்ன பயன் தரும் என்ற வினா எழாமல் இருப்பதில்லை. ஆலயத்திலே கேட்பதற்கு இது நன்று. அடுக்களையிலே செல்லுபடியாகுமா என்பதே அவ்வினா.

இவ்வினாவுக்கு இருவகையான தவறான விடைகள் உண்டு. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டிருப்பது ஒன்று. வேதம் வேறு, வாழ்க்கை வேறு என்று இரண்டையும் பிரித்துவைத்துவிடுவது மற்றொன்று. முதலாவது சோம்பலுக்குப் பக்தி என்று பெயர் சூட்டுகின்றது. இரண்டாவது பக்தியை ஞாயிற்றுக்கிழமையோடு முடித்துவிடுகின்றது. இவ்விரண்டிலும் சேராத ஒரு வழி உண்டா என்பதை ஆராய்வதற்கு, அவ்வழியிலே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து, நடந்த ஒவ்வோர் அடியையும் கணக்கேட்டிலே பதிந்துவைத்த ஒருவரின் வாழ்க்கை நமக்குப் பெரிதும் துணைசெய்யும். அவர் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரிலே அநாதைப் பிள்ளைகளின் இல்லங்களை நிறுவிய ஜோர்ஜ் முல்லர் என்பவராவர்.

முல்லர் 1805ஆம் ஆண்டிலே ஜெர்மனியின் பிரஷ்ய நாட்டிலே பிறந்தவர். அவருடைய தந்தையார் வரி அறவிடும் உத்தியோகத்தர். மகனைக் குருத்துவப் பணிக்குப் படிப்பிக்க வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனோ தந்தையாரின் பணத்தையே திருடினான், பொய்க்கணக்குக் காட்டினான், நண்பர்களிடம் கடன் வாங்கி ஏமாற்றினான். பதினாறு வயதிலே விடுதி ஒன்றில் தங்கி உண்டுவிட்டுப் பணங்கொடுக்க வழியின்றிச் சிறைப்பட்டு, மூன்று வாரங்களுக்கு மேல் அங்கே கிடந்தான். பிற்காலத்திலே ஒரு பென்சுகூடக் கடன்படேன் என்று உறுதிபூண்ட மனிதர், இளமையிலே கடனையே தொழிலாகக் கொண்டிருந்தவர் என்பது கருதத்தக்கது.

1825ஆம் ஆண்டிலே ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்றுக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் அவரை ஒரு வீட்டிலே நடந்த சிறிய ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே எளிய மனிதர் சிலர் முழங்காற்படியிட்டு ஜெபிப்பதைக் கண்ட அந்த மாலைப்பொழுது அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. தந்தையார் விரும்பியவாறு வருவாயுள்ள குருப்பதவியை நாடாது, ஊழியத்துக்கே தம்மை ஒப்புக்கொடுக்க அவர் துணிந்தார். அதன்பின் தந்தையாரின் பணத்தைப் பெறுவது முறையன்று என எண்ணி, மொழி கற்பித்துத் தம் செலவைத் தாமே பார்த்துக்கொண்டார். அந்நாட்களிலே சில காலம் ஹாலேயில் உள்ள அநாதை இல்லத்தைச் சேர்ந்த இலவச விடுதியிலும் அவர் தங்கியிருந்தார்.

அந்த ஹாலே இல்லம் தமிழ் மக்களுக்கும் தொடர்புடையது. அதனை நிறுவியவர் ஓகஸ்ற் ஹேர்மன் பிராங்கே என்னும் பேராசிரியர். 1695ஆம் ஆண்டிலே ஏழைகளுக்கான உண்டியலில் ஒருவர் இட்டுச்சென்ற ஏறக்குறைய ஐந்து தாலர் நாணயத்தை மூலதனமாகக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கியவர் அவர். 1706ஆம் ஆண்டிலே தரங்கம்பாடிக்கு வந்து தமிழைக் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழிலே மொழிபெயர்த்து அச்சேற்றிய சீகன்பால்கு ஐயர் ஹாலேயிலே கற்றவர். பிராங்கேயின் ஆதரவைப் பெற்றவர். தமிழருடைய கையிலே அச்சிட்ட வேதப்புத்தகத்தைத் தந்த அதே ஊற்றிலிருந்தே, அவ்வேதத்தை அன்றாட வாழ்க்கையிலே சோதித்துப் பார்த்த முல்லரும் தோன்றினார்.

முல்லர் 1829ஆம் ஆண்டிலே இங்கிலாந்து சென்றார். அங்கே தென்மேற்குக் கடற்கரையிலுள்ள ஒரு சிற்றூரிலே சிறு சபைக்கு ஊழியரானார். அக்காலத்திலே சபையாரிடம் ஆசனக் கட்டணம் பெற்று ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பது வழக்கம். பணமுள்ளவனுக்கு நல்ல ஆசனமும் ஏழைக்கு மூலையும் கிடைக்கும் அவ்வழக்கம் யாக்கோபு எழுதிய நிருபத்தின் போதனைக்கு மாறானது என்று கண்டு, 1830ஆம் ஆண்டிலே அவர் அக்கட்டணத்தை நீக்கித் தம் நிலையான சம்பளத்தையும் விட்டுவிட்டார். விரும்பியவர் விரும்பியதை இடுவதற்கு ஒரு பெட்டி மட்டும் வைக்கப்பட்டது. அதே ஆண்டிலே அவர் மேரி குரோவ்ஸ் என்னும் பெண்மணியை மணந்திருந்தார். புதுக்குடித்தனம் நடத்தும் ஒருவர் சம்பளத்தைக் கைவிடுவது எத்தகைய துணிவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1832ஆம் ஆண்டிலே அவர் பிறிஸ்டல் நகருக்கு வந்தார். அங்கே மக்களைச் சந்திக்கச் செல்லும்போது அவர் மனத்தைத் தாக்கிய காட்சிகள் பல. ஒரு தொழிலாளி நாளொன்றுக்குப் பதினான்கு, பதினாறு மணிநேரம் உழைத்தான். உடலும் தளர்ந்தது, உள்ளமும் வறண்டது. சிறிது நேரத்தைக் குறைத்து வேதம் வாசிக்கலாமே என்று முல்லர் சொன்னபோது, அப்படிச் செய்தால் குடும்பத்துக்கு உணவு கிடைக்காதே என்று அவன் விடையளித்தான். முதுமை வந்தால் ஏழைகள் விடுதியிலே தள்ளப்படுவோமோ என்று நடுங்கிய வயோதிபரும், நேர்மை தவறாவிடின் வியாபாரம் நடவாது என்று தம்மையே சமாதானப்படுத்திக்கொண்ட வணிகரும் அவருக்கு எதிர்ப்பட்டனர். இவர்கள் எல்லோரும் வேதத்தை நம்புகிறோம் என்றே கூறினர். ஆயினும் அந்த நம்பிக்கையைக் கடைத்தெருவுக்கு எடுத்துச் செல்ல அஞ்சினர்.

இவர்களுக்கு இன்னொரு பிரசங்கம் செய்வதால் ஆவது ஒன்றுமில்லை என முல்லர் உணர்ந்தார். கண்ணால் காணத்தக்க ஒரு சான்று வேண்டும். பணமில்லாத ஒருவன், எந்த மனிதனிடமும் கேளாமல், ஜெபத்தினால் மட்டும் அநாதைப் பிள்ளைகளை உண்பித்து உடுப்பித்து வளர்ப்பானாயின், கடவுள் இன்றும் உயிருள்ளவர் என்பதற்கு அதுவே சான்றாகும். 1835ஆம் ஆண்டு நவம்பரிலே ஓர் அன்பர் வீட்டில் பிராங்கேயின் வரலாற்றை மீண்டும் காண நேர்ந்தபோது இவ்வெண்ணம் உறுதிபெற்றது. அடுத்த மாதத்திலே, வாயை விரிவாகத் திறப்பவனைக் கடவுள் நிரப்புவார் என்று உரைக்கும் 81ஆம் சங்கீதத்தை வாசித்தபோது, ஒரு வீடும் ஆயிரம் பவுணும் தகுந்த பணியாளரும் வேண்டுமென்று அவர் ஜெபித்தார். முதலில் வந்த காணிக்கை ஒரு சிலிங் மட்டுமே.

இத்தொடக்கத்தின் பின்னே ஒரு துயரமும் உண்டு. அதே 1835ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே முல்லருடைய ஆண்குழந்தை எலியா, ஒன்றேகால் வயதிலே இறந்துபோயிருந்தான். பிறர் பிள்ளைகளுக்குத் தந்தையாக முன்வந்தவர், தம் பிள்ளையை அடக்கம் செய்து ஆறு மாதங்கூட ஆகாத ஒரு தகப்பனார்.

பணி தொடங்குமுன் வேடிக்கையான ஒரு சம்பவமும் நிகழ்ந்தது. வீடு கிடைத்தது, தளபாடங்கள் வந்தன, பணியாளரும் முன்வந்தனர். பிள்ளைகளைச் சேர்ப்பதற்கான விண்ணப்பங்களைப் பெறுவதற்கு 1836ஆம் ஆண்டு பெப்ருவரியில் ஒரு நாள் குறிக்கப்பட்டது. அன்று முல்லர் இரண்டு மணிநேரம் காத்திருந்தார், ஒருவரும் வரவில்லை. வீட்டிற்குத் திரும்பி வரும்போதே, எல்லாவற்றுக்கும் ஜெபித்த தாம் பிள்ளைகளை அனுப்பும்படி மட்டும் ஜெபிக்கவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. ஏழைகள் நிறைந்த நகரத்திலே பிள்ளைகள் தாமாகவே வருவார்கள் என்று அவர் எண்ணியிருந்தார். நமக்கு எளிதாகத் தோன்றுவதிலேதான் கடவுளை மறந்துவிடுகின்றோம் என்பதற்கு இதுவே தக்க உதாரணம்.

ஏப்ரல் மாதத்திலே வில்சன் வீதியில் வாடகை வீடொன்றிலே பெண்பிள்ளைகளுக்கான இல்லம் திறக்கப்பட்டது. அந்த இல்லத்தின் விதிகள் சில. எவ்வளவு நெருக்கடி நேர்ந்தாலும் மனிதரிடம் பணம் கேட்பதில்லை. இல்லத்தின் அப்போதைய தேவையை வெளியாருக்குத் தெரிவிப்பதில்லை. கடனுக்கு எதையும் வாங்குவதில்லை. கிடைத்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி, பிறரைக் கொண்டு பரிசோதிப்பித்து வெளியிடுவது. ஆனால் கொடுத்தவரின் பெயரை வெளியிடுவதில்லை. இவற்றை ஊன்றி நோக்கினால், வேதத்தை நம்புதல் என்பது முல்லருக்கு ஓர் உணர்ச்சி மட்டுமன்று, ஓர் ஒழுக்கமும் ஆகும் என்பது புலப்படும்.

கடன் தொடர்பான விதியை அவர் ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்திலிருந்து பெற்றார். அன்பைத் தவிர வேறொன்றிலும் யாருக்கும் கடன்படலாகாது என்பது அங்குள்ள போதனை. இதனை உவமையாகக் கொள்ளாமல், பால்காரனுக்கும் அப்பக்கடைக்கும் உரிய கட்டளையாகவே அவர் கொண்டார். கையில் பணமில்லாதபோது கடைக்காரர் கடன்தர முன்வந்தாலும் அவர் ஏற்கவில்லை. கடவுள் தருவார் என்று சொல்லிக்கொண்டு கடைக்காரனுடைய பணத்திலே வாழ்வது நம்பிக்கையாகாது என்பது அவருடைய கருத்து.

காணிக்கையைப் பெறுவதிலும் அவருக்கு ஓர் அளவு இருந்தது. நோயுற்ற உடலோடு தையல்வேலை செய்து, வாரத்துக்குச் சராசரி மூன்று சிலிங் ஆறு பென்சு மட்டும் சம்பாதித்த ஏழைப் பெண் ஒருத்தி, தனக்குக் கிடைத்த முதுசொத்திலிருந்து நூறு பவுணை இல்லத்துக்கு அனுப்பினாள். அப்பணம் இல்லத்துக்கு மிக வேண்டியதாயிருந்தும், முல்லர் உடனே எடுத்துக்கொள்ளவில்லை. அவளை அழைப்பித்து, உணர்ச்சிவசப்பட்டுச் செய்கின்றாளோ, பின்னர் வருந்துவாளோ என்று விசாரித்தார். அவள் தெளிந்த மனத்தோடு கொடுக்கின்றாள் என்பதை அறிந்த பின்னரே பெற்றுக்கொண்டார். தேவை மிகும்போது நியாயம் தளர்வது மனித இயல்பு. அது தளராமல் காத்துக்கொண்டமையே அவருடைய நம்பிக்கைக்கு அடையாளம்.

1838ஆம் ஆண்டிலிருந்து உண்மையான சோதனை தொடங்கிற்று. அப்போது மூன்று வீடுகளிலே பிள்ளைகளும் பணியாளருமாக ஏறத்தாழ நூறு பேர் இருந்தனர். முன்னர் சேர்ந்திருந்த பணம் தீர்ந்துவிட்டது. காலை உணவு முடிந்தபோது மதிய உணவுக்குப் பணம் இல்லாத நாட்கள் வந்தன. செப்டெம்பர் 18ஆம் நாள் முல்லரிடம் இருந்தது மூன்று சிலிங்; அவருடைய உடன் ஊழியரிடம் இருந்தது இருபத்தைந்து சிலிங். அவற்றைக் கொண்டு அன்றைக்கு வேண்டிய இறைச்சியும் பாலும் வாங்கப்பட்டன. அதன்பின் கையில் ஒன்றும் எஞ்சவில்லை. அன்று பிற்பகலிலே ஒரு பெண்மணி வந்து, இலண்டனிலுள்ள தன் மகள் கொடுத்தனுப்பிய மூன்று பவுண் இரண்டு சிலிங் ஆறு பென்சை ஒப்படைத்தாள். அவள் அந்நகருக்கு வந்து சில நாட்கள் ஆகியிருந்தன. ஆண்பிள்ளைகளின் இல்லத்துக்கு அடுத்த வீட்டிலேயே அவள் தங்கியிருந்தாள்.

இச்சம்பவத்தைக் குறித்து முல்லர் எண்ணிய விதம் நோக்கத்தக்கது. பணம் சில நாட்களாகச் சுவரின் மறுபுறத்திலேயே இருந்திருக்கின்றது. இல்லத்தார் மனங்கலங்கி ஜெபித்த வேளையிலும் அது அங்கேயே இருந்தது. ஆகவே கொடுக்க வேண்டும் என்பது கடவுளின் உள்ளத்திலே முன்பே இருந்தது. ஜெபத்திலே உறுதிபெறும்பொருட்டே அந்தத் தாமதம் அமைந்தது என்று அவர் கொண்டார். தாமதத்தை மறுப்பு என்று எண்ணிவிடலாகாது என்னும் பாடம் அன்றாட வாழ்க்கையிலே பலருக்கும் பயன்படக்கூடியது.

அந்நெருக்கடி நாட்களிலே இல்லத்துப் பணியாளர் தம்மிடமிருந்த சிறு தொகைகளையும் கொண்டுவந்து வைத்தனர். கேளாமல் இருத்தல் என்பது கொடாமல் இருத்தலன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஜெபிப்பவன் தன் பையையும் முதலில் திறந்து பார்க்க வேண்டும் அல்லவா?

இங்கே ஓர் ஐயம் எழலாம். முல்லர் பணம் கேளாவிடினும் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டாரே; அதுவும் ஒருவகை விளம்பரந்தானே என்று கூறுவாரும் உளர். அவ்வறிக்கைகளை வாசித்து மனமிரங்கிக் கொடுத்தவர் பலர் என்பதை மறுப்பதற்கில்லை. முல்லரும் இந்த ஐயத்தை அறிந்தே இருந்தார். 1841ஆம் ஆண்டு டிசெம்பரிலே, அறிக்கையை வெளியிட்டுக் கூட்டம் கூட்டுகின்ற வழக்கமான காலம் வந்தது. அப்போது இல்லத்தின் கையிருப்பு மிகக் குறைந்திருந்தது. அறிக்கை வெளிவந்தால் பணமும் வரும் என்பது யாவருக்கும் தெரிந்ததே. ஆயினும் அது தேவையை மறைமுகமாகச் சொல்லிக் கேட்பதாகும் என்று கருதி, முல்லரும் உடன் ஊழியரும் அறிக்கையையும் கூட்டத்தையும் சில மாதங்களுக்குப் பிற்போட்டனர். இடைப்பட்ட காலத்தை அன்றன்றைய அப்பத்தோடு கடந்தனர். ஒரு கொள்கையின் உண்மை, அதனால் நட்டம் வரும் நாளிலேதான் வெளிப்படும்.

வேதத்தை அவர் வாசித்த முறையையும் அறிதல் வேண்டும். தொடக்கத்திலே காலையில் எழுந்தவுடன் ஜெபிக்க முயல்வது அவருடைய வழக்கம். ஆனால் மனம் அலைந்து திரிந்து, நிலைபெறுவதற்கே நெடுநேரம் சென்றுவிடும். 1841ஆம் ஆண்டளவிலே அவர் இம்முறையை மாற்றினார். முதலில் வேதத்தைத் திறந்து, ஓரிரு வசனங்களை நிதானமாக வாசித்து, அதிலே தமக்குரிய கட்டளை யாது, ஆறுதல் யாது, கண்டனம் யாது என்று சிந்தித்தார். அச்சிந்தனையே ஜெபமாக மாறிற்று. உடல் உழைக்கப் புறப்படுமுன் உணவு வேண்டுவதுபோல, உள்ளமும் நாளின் கடமைக்குப் புறப்படுமுன் உண்ண வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. அன்றியும், பிடித்த வசனங்களை மட்டும் பொறுக்காமல், பழைய ஏற்பாட்டையும் புதிய ஏற்பாட்டையும் ஒழுங்காகத் தொடர்ந்து வாசித்தார். அவ்வாறு தம் வாழ்நாளிலே நூறு தடவைக்கு மேல் முழுவேதத்தையும் வாசித்து முடித்ததாக அவர் கூறியிருக்கின்றார். சீட்டுக் குலுக்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்து விடை தேடும் வழக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

வேதத்தை நம்பியமையால் அவர் அறிவைத் துறந்துவிடவில்லை. 1845ஆம் ஆண்டிலே வில்சன் வீதியிலுள்ள அயலவர் ஒருவர், பிள்ளைகளின் இரைச்சலாலும் பிறவற்றாலும் தொல்லை உண்டாகின்றது என்று மரியாதையாகக் கடிதம் எழுதினார். கடவுளின் பணியைத் தடுக்கின்றார் என்று முல்லர் சினக்கவில்லை. இடம்மாறுவதற்கு ஏதுவான காரணங்களையும் எதிரான காரணங்களையும் தனித்தனியே எழுதிச் சீர்தூக்கினார். அயலவர் சொல்வதில் நியாயம் உண்டு என்று முடிவுசெய்தார். ஊருக்கு வெளியே அஷ்லி டவுன் என்னும் மேட்டுநிலம் வாங்கப்பட்டது. போதிய பணம் சேரும்வரை கட்டடவேலை தொடங்கப்படவில்லை. 1849ஆம் ஆண்டிலே முந்நூறு பிள்ளைகளுக்கான முதலாவது பெரிய இல்லம் திறக்கப்பட்டது. 1870ஆம் ஆண்டளவிலே அங்கே ஐந்து இல்லங்கள் எழுந்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இடமளித்தன.

ஜெபமும் வேலையும் எவ்வாறு இணைந்து செல்ல வேண்டும் என்பதற்கு 1857ஆம் ஆண்டு நவம்பர் மாத நிகழ்ச்சி நல்ல சான்று. இங்கிலாந்தின் குளிர்காலத்திலே வீட்டைச் சூடாக்காமல் குழந்தைகளைக் காக்க இயலாது. முதலாவது இல்லத்தின் அறைகளுக்கெல்லாம் சுடுநீரை அனுப்பிச் சூடேற்றும் கொதிகலம் கசியத் தொடங்கிற்று. செங்கற் சுவருக்குள் அமைந்த அக்கொதிகலத்தைச் சீர்செய்வதற்குத் தீயை முற்றாக அணைக்க வேண்டும். முந்நூறு சிறுபிள்ளைகள் குளிரிலே என் செய்வர்? வேலைக்கு நாள் குறித்து ஆட்களை அமர்த்திய பின், வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டது.

முல்லர் இரண்டு காரியங்களுக்காக ஜெபித்தார். காற்று தென்திசைக்கு மாற வேண்டும் என்பது ஒன்று. எருசலேமின் அலங்கத்தைக் கட்டிய நாளில் நெகேமியாவின் மக்களுக்கு இருந்த ஊக்கம் தொழிலாளருக்கும் உண்டாக வேண்டும் என்பது மற்றொன்று. குறித்த நாளுக்கு முந்திய மாலைவரை வாடை வீசிற்று. வேலைநாளன்று காற்றுத் தென்றலாக மாறி, தீயின்றியே இருக்கத்தக்க மிதமான காலநிலை உண்டாயிற்று. மாலையிலே, இரவு நேரஞ்செல்லும்வரை வேலைசெய்துவிட்டு விடியுமுன் திரும்பிவருவார்கள் என்று மேற்பார்வையாளர் கூறிக்கொண்டிருக்க, தொழிலாளரோ இரவு முழுவதும் வேலைசெய்யவே விரும்புவதாகத் தெரிவித்தனர். முப்பது மணிநேரத்துக்குள் வேலை முடிந்து மீண்டும் தீ மூட்டப்பட்டது. காற்று மாறியதைத் தற்செயல் என்று ஒருவர் கருதலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. ஆனால் முல்லர் காற்றுக்காக ஜெபித்தாரேயொழிய, கசிவு தானாக அடைபடும் என்று காத்திருக்கவில்லை. தம் கைக்கு எட்டியதைத் தாம் செய்தார். எட்டாததைக் கடவுளிடம் விட்டார்.

இத்தகைய நம்பிக்கை துன்பம் வராமல் தடுக்கும் காப்புறுதி அன்று. 1870ஆம் ஆண்டு பெப்ருவரியிலே, நாற்பது ஆண்டு உடன்வாழ்ந்த மனைவியார் மேரி இறந்தார். அவருடைய நல்லடக்க நாளிலே பிரசங்கித்தவர் முல்லரே. கடவுள் நல்லவர், நல்லதையே செய்பவர் என்னும் கருத்துடைய 119ஆம் சங்கீதத்தின் 68ஆம் வசனத்தையே அவர் எடுத்துக்கொண்டார். அப்பம் கிடைத்த நாளிலே இவ்வசனத்தைச் சொல்லுதல் எளிது. கல்லறைப் பக்கத்தில் நின்று சொல்லுவதற்கு, அதற்கு முன்னுள்ள ஆயிரக்கணக்கான காலைவேளைகளிலே அதனை உண்டு செரித்திருக்க வேண்டும். 1890ஆம் ஆண்டிலே, இந்தியாவில் பிரசங்க யாத்திரையில் இருந்தபோது, எஞ்சியிருந்த ஒரே மகள் லிடியாவின் மரணச்செய்தியும் அவரை வந்தடைந்தது. ஜெபத்தினால் பத்தாயிரம் பிள்ளைகளை வளர்த்தவர், தாம் பெற்ற பிள்ளைகளில் ஒருவரையும் தமக்குப்பின் விட்டுச்செல்லவில்லை.

எழுபது வயதில் தொடங்கி ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் அவர் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் சென்று பிரசங்கித்தார். அவற்றுள் இந்தியாவும் இலங்கையும் அடங்கும். 1898ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், தொண்ணூற்றிரண்டு வயதிலே அவர் உயிர்நீத்தார். அவர் காலத்திலே இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் 10,024 பேர். அவர் கைவழியாகச் சென்ற பணம் பதினைந்து இலட்சம் பவுணை அண்மித்தது. இறக்கும்போது அவருடைய சொந்த உடைமையின் பெறுமதி, தளபாடங்களும் நூல்களும் உட்பட, ஏறத்தாழ 160 பவுண் மட்டுமே. 1958ஆம் ஆண்டிலே பிள்ளைகள் அப்பெரிய கட்டடங்களை விட்டுச் சிறிய குடும்ப இல்லங்களுக்கு மாறினர். கட்டடங்கள் கல்விப் பணிக்குக் கைமாறின. அவர் பெயர் தாங்கிய நிறுவனம் பிறிஸ்டலில் தொடர்ந்து இயங்கி வருகின்றது.

இவ்வரலாற்றைக் கேட்பவர், இது முல்லரைப் போன்ற பெரியவர்களுக்கே இயலும், நமக்கு இயலாது என்று சொல்லக்கூடும். முல்லர் வாழ்நாள் முழுவதும் மறுத்துவந்த கூற்று இதுவே. தமக்குக் கிடைத்தது தனிப்பட்ட வரம் அன்று, எல்லா விசுவாசிகளுக்கும் உரிய சாதாரண நம்பிக்கையே என்று அவர் வற்புறுத்தினார். சிறு காரியங்களிலே பயன்படுத்தப் பயன்படுத்த அது வலுப்பெற்றது, அவ்வளவே. ஒரு சிலிங்கிலே பழகாதவன் ஆயிரம் பவுணிலே நம்ப முடியாது.

எல்லோரும் சம்பளத்தைத் துறக்க வேண்டும் என்பது இதன் கருத்தன்று. உத்தியோகத்தர் உத்தியோகத்திலும், கமக்காரர் வயலிலும், ஆசிரியர் வகுப்பறையிலும், இல்லத்தரசி அடுக்களையிலும் நின்றே இவ்வழியிலே நடக்கலாம். நாளின் கவலைகள் வாசலில் வந்து நிற்குமுன் ஓரிரு வசனங்களை நிதானமாக வாசித்துச் சிந்திக்கலாம். வாசித்ததில் கட்டளை இருந்தால், அன்றைக்கே ஒரு காரியத்திலேனும் அதற்குக் கீழ்ப்படியலாம். நாளைக்கு வரும் என்ற எதிர்பார்ப்பிலே இன்று கடன்படாமல், உள்ளதற்குள் வாழப் பழகலாம். நேர்மை தவறினால் இலாபம் வரும் என்ற நிலை நேரும்போது, அந்த இலாபம் இல்லாமலே கடவுள் காப்பார் என்று துணிந்து பார்க்கலாம். கேட்டது எது, கிடைத்தது எது, கிடையாதது எது என்று ஒரு சிறு கொப்பியிலே எழுதிவைக்கலாம். நன்றி மறப்பதே மனத்தின் இயல்பு. எழுத்து அதனை மறக்கவிடாது.

இவற்றால் வறுமை உடனே நீங்கிவிடும் என்றோ, நோய் வாராது என்றோ எவரும் வாக்குறுதி அளிக்க முடியாது. இயேசுநாதரும் அவ்வாறு கூறவில்லை; அந்தந்த நாளுக்கு அதனதன் பாடு உண்டு என்றே உரைத்தார். கவலை நாளைய பாரத்தையும் இன்றே தோளில் ஏற்றுகின்றது. நம்பிக்கை இன்றைய பாரத்தை மட்டும் சுமக்கக் கற்பிக்கின்றது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட நாட்களை முல்லர் இவ்வாறு ஒவ்வொன்றாகவே கடந்தார். அவ்வழியிலே நடக்க விரும்புபவர் அத்தனை நாட்களையும் ஒருங்கே எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. நாளைக் காலை ஒன்றைத் தொடங்கினால் போதும்.